சாயங்காலம் ஆறரை மணிக்கு கரண்ட் எங்கிருந்து வரணும்: பேட்டரியா, கடம்பாறை மாதிரி அணையா, சந்தையில வாங்கறதா?

ஆனைமலைப் பக்கம் என் மாமா ஒரு நார் மில் வெச்சிருக்காரு. போன தடவ போனப்ப மட்டை கொட்டற களத்துல நின்னுக்கிட்டு மலையைக் கை காட்டி கேட்டாரு, "ஏன் மாப்ள, அந்த மலைக்குள்ள கடம்பாறைல தண்ணிய மேல ஏத்தி ஏத்தி கரண்ட் எடுக்கறாங்க, எனக்கு கல்யாணம் ஆன காலத்துல இருந்து ஓடுது, இப்ப என்னமோ கன்டெய்னர்ல பேட்டரி வாங்கி அடுக்கப் போறோம்ங்கறாங்களே, அது பத்து வருஷத்துல செத்துப் போயிராதா?" நான் சோலார் பிளான்ட்ல வேலை பாக்கறவன்ங்கறதால இந்தக் கேள்வி எனக்கு வாரத்துக்கு ஒண்ணாவது வருது, கேக்கறவங்க பாதிப் பேரு பேட்டரிதான் எல்லாம்னு நம்பறாங்க, மீதிப் பேரு அது மோசடிங்கறாங்க. ரெண்டு பேரும் ஒரே தப்பைத்தான் பண்றாங்க, எத்தனை மணி நேரத்துக்கு கரண்ட் வேணும்னு கேக்காமலே எது மலிவுன்னு கேக்கறாங்க.

பிரச்சனை என்னன்னா, தமிழ்நாட்டுல மதியம் ஒரு மணிக்கு சோலார் கொட்டுது, அஞ்சு மணிக்கு மேல சரசரன்னு எறங்கி ஆறரைக்கெல்லாம் சைபர். அதே நேரத்துலதான் எல்லாரும் வீட்டுக்கு வந்து லைட்டு, ஏசி, மிக்ஸி எல்லாத்தையும் போடறாங்க. மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஆரல்வாய்மொழியிலயும் பாலக்காட்டுக் கணவாய்லயும் காத்து அடிச்சா தப்பிச்சோம், பிப்ரவரி மார்ச் ஏப்ரல்ல அதுவும் இல்ல. 2024 மே 2ஆம் தேதி நம்ம மாநிலத்தோட தேவை 20,830 மெகாவாட் தொட்டுச்சு. பகல்ல மிஞ்சறதை சாயங்காலத்துக்கு எப்படி எடுத்துட்டுப் போறதுங்கறதுதான் இப்ப கேள்வி, இது நமக்கு மட்டும் இல்ல, சிலி, பிலிப்பைன்ஸ், பாகிஸ்தான், இலங்கைன்னு சோலார் வேகமா ஏறின எல்லா ஊர்லயும் இதே கதைதான்.

## எதை வெச்சு அளக்கறது

டெண்டர் விலையை மட்டும் வெச்சு அளந்தா ஏமாந்துருவோம். நான் பாக்கறது அஞ்சு விஷயம். ஒரு தடவ நிரப்புனா எத்தனை மணி நேரம் வரும். இன்னைக்கு முடிவு பண்ணா எந்த வருஷம் கைக்கு வரும். சார்ஜ் பண்ற கரண்ட்டு, நடுவுல போற சேதாரம் எல்லாம் சேத்து சாயங்கால யூனிட் என்ன விலை ஆகுது. எத்தனை வருஷம் உழைக்கும். கிரிட்ல, அதாவது கரண்ட் போற மொத்த கம்பி வலைப்பின்னல்ல, ஏதாவது படக்குன்னு விழுந்தா எவ்வளவு வேகமா தாங்கிப் புடிக்கும். கீழ பட்டியல்ல நீரேற்று அணைன்னா கடம்பாறை மாதிரி, மிச்ச கரண்ட்ல தண்ணிய மேல ஏத்தி வெச்சு வேணுங்கறப்ப எறக்கி கரண்ட் எடுக்கறது. நிலக்கரியை ஏத்தி இறக்கறதுன்னா அனல் நிலையத்தோட உற்பத்தியைக் கூட்டிக் குறைக்கறது.

| | பேட்டரி | நீரேற்று அணை | சந்தையில வாங்கறது | நிலக்கரியை ஏத்தி இறக்கறது |
|---|---|---|---|---|
| எத்தனை மணி நேரம் | 2 முதல் 4 | 6 முதல் 8, சில எடத்துல அதுக்கும் மேல | கிடைக்கற வரைக்கும் | நாள் முழுக்க |
| கைக்கு வர | ஒண்ணு, ஒண்ணரை வருஷம் | நல்லபடியா போனாலே 5, 6 வருஷம் | நாளைக்கே | ஏற்கனவே இருக்கு |
| போட்டது திரும்ப வர்றது | 85% சுமாரு | 75 முதல் 80% | பொருந்தாது | பொருந்தாது |
| ஆயுசு | 12 முதல் 15 வருஷம் | 40 வருஷத்துக்கு மேல | பொருந்தாது | ஏத்தி இறக்க ஏத்தி இறக்க குறையும் |
| வேகம் | கண் சிமிட்டறதுக்குள்ள | ஓரிரு நிமிஷம் | இல்ல | மெதுவு |
| மறைஞ்சிருக்கற செலவு | சார்ஜ் கரண்ட், தேய்மானம், குளிரூட்டறது | காடு, சுரங்கம், தாமத வட்டி | பீக்ல (தேவை உச்சத்துல இருக்கறப்ப) உச்ச விலை | குறைஞ்ச லோடுல எண்ணெயும் ரிப்பேரும் |

## பேட்டரி

விலை எறங்குன கதையை மொதல்ல பாத்துருவோம், ஏன்னா மூணு வருஷம் முன்னாடி படிச்சவங்க இன்னும் பழைய கணக்குலயே பேசறாங்க. மத்திய அரசோட சோலார் எனர்ஜி கார்ப்பரேஷன் விட்ட 500 மெகாவாட், 1000 மெகாவாட்-அவர் (ஒரு மெகாவாட்-அவர்னா ஆயிரம் யூனிட்) டெண்டர்ல 2022 ஆகஸ்ட்ல வந்த விலை ஒரு மெகாவாட்டுக்கு மாசம் 10.84 லட்சம் ரூபாய். 2024 மார்ச்ல குஜராத் டெண்டர்ல அது 4.49 லட்சம். 2025ல வந்த பல டெண்டர்ல 2 லட்சத்து சொச்சம். இதை வாடகைன்னு வெச்சுக்கோங்க, பேட்டரி கட்டறவங்க கட்டி வெப்பாங்க, மின்வாரியம் மாசாமாசம் வாடகை குடுத்துட்டு தன்னோட கரண்ட்டை உள்ள போட்டு வெளிய எடுத்துக்கும்.

மாமாகிட்ட டீக்கடை பில்லுக்குப் பின்னாடி போட்டுக் காட்டுன கணக்கு இதுதான். ஒரு மெகாவாட் பேட்டரி, ரெண்டு மணி நேரம், அப்ப ஒரு நாளைக்கு 2000 யூனிட். வருஷத்துக்கு 7.3 லட்சம், ரிப்பேர் நாளைக் கழிச்சா 6.9 லட்சம் யூனிட். மாச வாடகை 2.1 லட்சம்னா வருஷத்துக்கு 25.2 லட்சம். வகுத்தா யூனிட்டுக்கு 3.65 ரூபாய். இது வெறும் வாடகை. உள்ள போடற சோலார் கரண்ட் 2.50னு வெச்சா, நூறு போட்டா எண்பத்தஞ்சுதான் திரும்ப வருங்கறதால அது 2.94 ஆயிருது. ரெண்டையும் கூட்டுனா 6.60 ரூபாய் பக்கம். இதே கணக்கை 2022 வாடகைல போட்டா வாடகை மட்டுமே 18.85 வருது, அன்னைக்கு பேட்டரி வேண்டாம்னு சொன்னவங்க முட்டாள் இல்ல, அன்னைக்கு அவங்க சொன்னது சரிதான்.

"அப்ப ஒரு நாளைக்கு ரெண்டு தடவ ஓட்டுனா பாதியா கொறயுமே"ன்னு மாமா உடனே கேட்டாரு, யாவாரி இல்லையா. குறையும், வாடகை 1.80 கிட்ட வந்துரும், ஆனா ரெண்டாவது தடவைக்கு சார்ஜ் பண்ற கரண்ட் எங்க இருந்து வரும்? காலை பீக்குக்கு குடுக்கணும்னா ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு சார்ஜ் ஆகணும், அப்ப சோலார் கெடையாது, காத்து சீசன்னா சரி, மார்ச் மாசத்துல நிலக்கரி கரண்ட்தான். டெண்டர் செய்தில ரெண்டு சைக்கிள் கணக்குல ஒரு அழகான விலை போட்டிருப்பாங்க, அதைப் பாத்ததும் சார்ஜ் கரண்ட் அதுல சேர்ந்திருக்கான்னு கேளுங்க, முக்கால்வாசி சேர்ந்திருக்காது.

இன்னொண்ணு, இந்த 2 லட்சத்துக்குள்ள அரசாங்கத்தோட கை பல எடத்துல ஒளிஞ்சிருக்கு. 2023 செப்டம்பர்ல மத்திய அமைச்சரவை 4,000 மெகாவாட்-அவருக்கு முதலீட்டுல 40% வரைக்கும் மானியம்னு ஒத்துக்கிச்சு, 2025ல ரெண்டாவது சுத்து 30,000 மெகாவாட்-அவருக்கு, மெகாவாட்-அவருக்கு 18 லட்சம்னு. நம்ம ரெண்டு மணி நேர பேட்டரிக்கு 36 லட்சம், 12 வருஷத்துக்கு வட்டி இல்லாம பரப்புனாலே யூனிட்டுக்கு நாப்பது பைசாவுக்கு மேல. அதைச் சேத்தாலும் 7 ரூபாய்தான் ஆகுது, அதனால பேட்டரிக்கு ஆகாதுன்னு சொல்ல வரல, மானியம் நின்ன அப்புறமும் இதே விலை வரும்னு நெனச்சு பட்ஜெட் போடக் கூடாதுன்னு சொல்றேன்.

தேய்மானம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் வருஷத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா கொள்ளளவு இழக்கும், அதனால கட்டறவங்க மொதல்லயே கூட அடுக்கி வெப்பாங்க, இல்ல ஏழெட்டு வருஷத்துல புது ரேக் (செல் அடுக்கு) சேப்பாங்க. ராமநாதபுரம் தூத்துக்குடி வெயில்ல கன்டெய்னரை 25 டிகிரி சுத்தி வெச்சுக்க ஏசியோ லிக்விட் கூலிங்கோ நாள் பூரா ஓடணும், அந்தக் கரண்ட்டும் உங்க கணக்குலதான். தீ பத்தி எல்லாரும் கேக்கறாங்க, 2025 ஜனவரில கலிபோர்னியா மாஸ் லேண்டிங்ல எரிஞ்சதைக் காட்டறாங்க, அது நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட் செல், அதுவும் பழைய கட்டடத்துக்குள்ள மொத்தமா அடுக்குனது. இப்ப இங்க வர்றது பாஸ்பேட் செல், தனித்தனி கன்டெய்னர், நடுவுல எடைவெளி. எரியவே எரியாதுன்னு சொல்ல மாட்டேன், ஒண்ணு எரிஞ்சா பக்கத்துல தாவாதபடி வெக்க முடியும்.

நான் பயப்படறது தீக்கு இல்ல, ரொம்பக் கம்மியா ஏலம் எடுத்தவங்களுக்குத்தான். செல் பெரும்பாலும் சீனாவுல இருந்து வருது, அங்க இன்னும் விலை எறங்கும்னு நம்பி இன்னைக்கே அடிமட்ட விலை சொல்லிட்டு, அப்புறம் பேங்க்ல கடன் கெடைக்காம நிக்கறவங்க வருவாங்க. டெண்டர்ல இருக்கற மெகாவாட் எல்லாம் மண்ணுல நிக்கற மெகாவாட் இல்ல. 2024 மார்ச் நிலவரப்படி நாடு முழுக்க ஓடிட்டு இருந்த பேட்டரி 219 மெகாவாட்-அவர்தான், ஆனா தேசிய மின் திட்டம் 2031-32க்கு போட்ட கணக்கு 236 கிகாவாட்-அவர் (ஒரு கிகாவாட்னா ஆயிரம் மெகாவாட்), கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு. வளர்ச்சி வரும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஏன்னா செல் விலை எறங்கற வரைக்கும் யாரும் கெஞ்ச வேண்டியதில்ல, 2010ல கிலோவாட்-அவருக்கு ஆயிரம் டாலருக்கு மேல இருந்த பேக் 2024ல 115 டாலருக்கு வந்துருச்சு. 2025 பிப்ரவரில மத்திய மின்சார ஆணையமும் புது சோலார் டெண்டர்ல சோலார் அளவுல 10% ஆவது ரெண்டு மணி நேர ஸ்டோரேஜ் வெக்கச் சொல்லி அறிவுறுத்திருச்சு. ஒரே ஒரு விஷயம் இடிக்குது, திட்டத்துல 47 கிகாவாட்டுக்கு 236 கிகாவாட்-அவர்னு அஞ்சு மணி நேர பேட்டரியை மனசுல வெச்சிருக்காங்க, டெண்டர் வர்றது முக்காவாசி ரெண்டு மணி நேரத்துக்கு. ஆறரைல இருந்து எட்டரை வரைக்கும் தாங்கிட்டு ஒன்பது மணிக்கு என்ன பண்றது?

எப்ப பேட்டரி சரி: ரெண்டுல இருந்து நாலு மணி நேரம் போதும், ரெண்டு வருஷத்துக்குள்ள வேணும், சப்ஸ்டேஷன் பக்கத்துல கொஞ்சம் நெலம் இருக்குங்கறப்ப. அப்புறம், சின்ன கிரிட்ல. இலங்கையைப் பாருங்க, 2025 பிப்ரவரி 9 ஞாயித்துக்கிழமை, பாணந்துறை சப்ஸ்டேஷன்ல ஒரு குரங்கு பண்ண வேலைல நாடு முழுக்க இருட்டாயிருச்சுன்னு அமைச்சரே சொன்னாரு, எல்லாரும் குரங்கை வெச்சு சிரிச்சாங்க. சிரிப்புக்குப் பின்னாடி இருந்த விஷயம், ஞாயித்துக்கிழமை பகல், தேவை கம்மி, கூரை சோலார் அதிகம், சுத்திட்டு இருந்த பெரிய டர்பைன் கம்மி, அதனால ஒரு அடி வாங்குனதும் தாங்கிப் புடிக்க ஆள் இல்ல. அதே வருஷம் ஏப்ரல்ல புத்தாண்டு லீவுக்கு கூரை சோலார் வெச்சிருக்கறவங்களை பகல்ல ஆஃப் பண்ணி வெக்கச் சொன்னாங்க. அந்த மாதிரி எடத்துல யூனிட் விலைக் கணக்கே ரெண்டாம் பட்சம், நொடிக்குள்ள குதிச்சுப் புடிக்கற பேட்டரிதான் வேணும்.

## நீரேற்று அணை

கடம்பாறை 400 மெகாவாட், நூறு நூறா நாலு மெஷின், 1987ல இருந்து 89க்குள்ள ஓட ஆரம்பிச்சது, பவர் ஹவுஸ் மலைக்குள்ள பூமிக்கு அடியில. மேல கடம்பாறை அணை, கீழ மேல் ஆழியாறு. கட்டுனப்ப யோசனை என்னன்னா, அனல் நிலையம் ராத்திரி சும்மா ஓடிட்டு இருக்கும், அந்த மிச்ச கரண்ட்ல தண்ணிய மேல ஏத்திட்டு சாயங்காலம் எறக்கலாம்னு. இப்ப மிச்சம் மதியத்துக்கு மாறிருச்சு. மெஷின் அதேதான், கடிகாரம் மட்டும் தலைகீழா திரும்பிருச்சு, நாப்பது வருஷத்துக்கு முன்னாடி சோலாரைப் பத்தி யாரும் நெனக்காத காலத்துல தோண்டுன சுரங்கம் இன்னைக்கு சோலாருக்கு உதவுது. பேட்டரி கன்டெய்னர் எதுவும் இப்படி ரெண்டு காலத்துக்கு உழைக்காது, மாமா பக்கம் நியாயம் இருக்கு.

ஆனா அதே மாதிரி இன்னொண்ணு கட்டறது என்னன்னு நீலகிரில குந்தாவைப் பாத்தா தெரியும். 500 மெகாவாட், மேல போர்த்திமந்து, கீழ அவலாஞ்சி எமரால்டு, ரெண்டு பக்கமும் அணை ஏற்கனவே இருக்கு, நடுவுல சுரங்கம் வெட்டி மெஷின் வெச்சா போதும். அந்தப் "போதும்"தான் இழுத்துட்டே போகுது. மலைக்குள்ள பாறை எப்படி இருக்கும்னு வெட்டுனாத்தான் தெரியும், மழைக்காலத்துல வேலை நிக்கும், காட்டு அனுமதி வேணும். கட்டி முடிக்கற வரைக்கும் ஒரு யூனிட் வராது, வட்டி மட்டும் ஓடும். மேற்குத் தொடர்ச்சி மலைல புதுசா ஒவ்வொரு எடமா தேடறதுக்கு எனக்கு மனசு ஒப்பல, ஆனைகளுக்கு இருக்கறதே கொஞ்ச வழிதான்.

இதுக்கு ஒரு மாத்து வழி ஆந்திராவுல பண்ணிக் காட்டிட்டாங்க, பின்னாபுரத்துல 1,680 மெகாவாட், ஆத்தைத் தொடாம ரெண்டு தொட்டி கட்டி அதே தண்ணிய மேலயும் கீழயும் சுத்த விடறது. ஆவியாப் போறதை மட்டும் ரொப்பிட்டா போதும். தமிழ்நாடும் 2024ல நீரேற்றுத் திட்டத்துக்குன்னு தனிக் கொள்கை கொண்டுவந்து தனியாரைக் கூப்பிட்டிருக்கு. மலை இருக்கு, ஆனா பெரும்பாலும் காடா இருக்கு, அதுதான் நம்ம சிக்கல்.

எப்ப இது சரி: ஆறு மணி நேரத்துக்கு மேல வேணும், 2032க்கு மேல வர்றதைப் பத்தி யோசிக்கறீங்க, அணை ஏற்கனவே கட்டியிருக்கு. இதுல ரெண்டாவது நிபந்தனை பொருந்துனாலே இன்னைக்கே ஆரம்பிச்சாகணும்.

## சந்தையில வாங்கறது

மின்சாரச் சந்தைல பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு விலை. மதியம் ரெண்டு ரூபா, மூணு ரூபா, 2025 மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பகல்ல சில பதினஞ்சு நிமிஷ பிளாக்ல சைபரையே தொட்டுச்சு. அதே சந்தைல கோடை சாயங்காலம் உச்ச வரம்பான 10 ரூபாய்ல போய் ஒட்டிக்கும், ஒட்டுனதோட இல்லாம அந்த விலைக்கும் கேட்ட அளவு கெடைக்காது, ஏன்னா கர்நாடகாவும் ஆந்திராவும் தெலுங்கானாவும் அதே நேரத்துல அதே கரண்ட்டைக் கேக்கறாங்க. எல்லாருக்கும் ஒரே நேரத்துலதானே பொழுது சாயுது.

நம்ம 6.60க்கும் இந்த 10க்கும் நடுவுல இருக்கற எடைவெளிதான் பேட்டரிக்காரங்களுக்கு சோறு போடுது. ஆனா ஒரு விஷயம் யாரும் சொல்றதில்ல, பேட்டரி நெறைய வந்தா இந்த எடைவெளி சுருங்கும், மதிய விலை ஏறும், சாயங்கால விலை எறங்கும். ஸ்டோரேஜ் பங்கு வாங்கலாமான்னு கேக்கறவங்க இதை மனசுல வெச்சுக்கோங்க, மாச வாடகைக்கு ஒப்பந்தம் போட்ட பேட்டரியும் சந்தை விலையை நம்பி நிக்கற பேட்டரியும் வேற வேற யாவாரம்.

எப்ப சரி: வருஷத்துல ஒரு முப்பது நாப்பது நாளைக்கு மட்டும் பத்தாக்குறைன்னா. அதுக்குன்னு பேட்டரி வாங்கி வெக்கறது ஆடிப்பெருக்குக்கு படகு வாங்குன மாதிரி.

## நிலக்கரியை ஏத்தி இறக்கறது

இதைச் சுருக்கமா முடிச்சிர்றேன். பகல்ல சோலாருக்கு வழி விட்டு 55%க்கு எறக்கி வெச்சிட்டு சாயங்காலம் ஏத்தறது இப்பவே நடக்குது, 40% வரைக்கும் எறக்கணும்னு திட்டமும் இருக்கு. இருக்கற மெஷின், புது முதலீடு கம்மி. ஆனா பாய்லர் குழாய் சூடாகி ஆறி சூடாகி ஆறி வெடிப்பு விடும், கம்மி லோடுல யூனிட்டுக்கு நிலக்கரி கூட எரியும். பிப்ரவரி மார்ச்ல காத்து இல்லாத ராத்திரிக்கு இன்னும் பத்து வருஷத்துக்கு இது இல்லாம முடியாதுன்னுதான் நெனக்கறேன், ரெண்டு மணி நேர பேட்டரியை வெச்சு பன்னெண்டு மணி நேர இருட்டைத் தாண்ட முடியாது.

## பட்டியல்ல இல்லாத ஒண்ணு

எல்லாத்தையும் விட மலிவு, தேவையையே மதியத்துக்கு நகத்தறது. தமிழ்நாட்டுல 23 லட்சத்துக்கு மேல விவசாய பம்ப் செட் இருக்கு, அதுக்கு மும்முனை கரண்ட்டை சோலார் நேரத்துல குடுத்தா கெணத்துத் தண்ணி தொட்டிலயும் வரப்புலயும் ஏறி நிக்கறதே ஸ்டோரேஜ்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் எடுத்துட்டு மோட்டார் போட தோட்டத்துக்குப் போறதும் மிச்சம், பாம்புப் பயமும் மிச்சம். ஃபீடரைப் பிரிச்சு பம்ப் செட்டுக்குன்னு தனி லைன் இழுக்கற செலவு இருக்கு, ஆனா எந்தச் செல்லும் இறக்குமதி பண்ண வேண்டாம்.

## என் கைல முடிவு இருந்தா

2028 வரைக்கும் பேட்டரி, பாதியாவது நாலு மணி நேர பேட்டரியா, சோலார் இருக்கற தெக்கத்தி மாவட்டத்துல சப்ஸ்டேஷன் ஓரமா. சிலில வடக்குப் பாலைவனத்துல மதிய விலை சைபர் ஆனதும் நாலு மணி நேர பேட்டரிக்குத்தான் போனாங்க, நமக்கும் அந்த நெலமை வரும். கூடவே குந்தாவை எப்படியாவது முடிக்கணும், புது நீரேற்றுத் திட்டத்துல காட்டைத் தொடாத எடத்துக்கு மட்டும் இப்பவே அளவெடுக்க ஆரம்பிக்கணும். ஒரே வருஷத்துல எல்லா பேட்டரியும் வாங்க வேண்டாம், மூணு தவணையா வாங்குனா எறங்கற விலையும் நமக்குக் கெடைக்கும், முத தவணைல எவன் சொன்னபடி கட்டறான்னும் தெரிஞ்சிரும்.

## சரி, வீட்டுக்கு?

இதையெல்லாம் கேட்டுட்டு மாமா கடைசியா, "அதெல்லாம் கெடக்கட்டும் மாப்ள, என்ற கூரைல சோலார் போடறேன், பேட்டரி வெக்கவா வேண்டாமா?"ன்னாரு. வீட்டுக்கு 3 கிலோவாட் போட்டா மத்திய மானியம் 78,000 வருது, நெட் மீட்டரிங் இருக்கற வரைக்கும் பகல்ல அனுப்புனதை ராத்திரி கழிச்சுக்கலாம், அப்ப பில்லுக்காக பேட்டரி தேவையே இல்ல. அந்த வசதியைக் குறைச்சா கதை மாறும், பாகிஸ்தான்ல 2025 மார்ச்ல கூரை சோலார்ல இருந்து வாங்கற யூனிட் விலையை அவங்க ஊர்க் காசு 27 ரூபாய்ல இருந்து 10க்கு எறக்கறோம்னு சொன்னதுமே ஜனங்க பேச்சு பேட்டரி பக்கம் திரும்பிருச்சு. பல பேருக்குத் தெரியாத விஷயம், பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் சோலார், கரண்ட் போனா அதுவும் நின்னுரும், வெயில் கொளுத்தினாலும் நிக்கும், கம்பத்துல ஏறுன லைன்மேன் மேல கரண்ட் பாயக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க.

நார் மில்லுக்கு பேட்டரி வேண்டாம்னு சொல்லிட்டேன், மட்டை அடிக்கற மோட்டார் ஸ்டார்ட் ஆகறப்ப இழுக்கற இழுப்புக்கு ஏத்த இன்வெர்ட்டர் வாங்குனா மட்டை வித்த காசு பூரா அதுக்கே போயிரும், அதை மதியத்துல ஓட்டுனாலே பாதி வேலை முடிஞ்சுது. வீட்டுல ஒரு 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி வெச்சிருக்காரு, பேருக்கு 1.8 யூனிட், பாதிக்கு மேல எடுத்தா சீக்கிரம் சாகும், அத்தைதான் மாசாமாசம் டிஸ்டில்டு வாட்டர் ஊத்தறாங்க. அதே அளவு லித்தியம்னா எண்பது சதத்துக்கு மேல எடுக்கலாம், தண்ணி ஊத்த வேண்டாம், விலை கூட. இருக்கறது சாகற வரைக்கும் ஓட்டுங்க, செத்ததும் லித்தியம் போடுங்க, ஆனா இப்ப சோலார் வாங்கறப்பவே பேட்டரி சேக்கற மாதிரி ஹைப்ரிட் இன்வெர்ட்டரா பாத்து வாங்குங்கன்னேன். விலை வித்தியாசம் என்னன்னு கேட்டு கடைக்காரருக்கு அப்பவே போன் போட்டுட்டாரு, அத்தை உள்ள இருந்து, "அப்ப இன்னும் எத்தன மாசம் நான் தண்ணி ஊத்தோணும்?"ன்னு கேட்டாங்க, அதுக்கு மட்டும் ரெண்டு பேரும் பதில் சொல்லல.